சொன்னது யார் என்று கேட்கும் ஊர்கள்

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களை எந்த நாட்டவர் எவ்வளவு நம்புகிறார்கள் என்று அளந்து சொல்லும் கணிப்புகள் இப்போது ஆண்டுதோறும் வெளிவருகின்றன. அவற்றுள் பெரியது, மெல்பேர்ண் பல்கலைக்கழகமும் கேபிஎம்ஜி நிறுவனமும் 47 நாடுகளில் 48,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வு. இந்தத் தொழில்நுட்பத்தை நம்பத் தயார் என்றவர்கள் உலக அளவில் 46 வீதம். வளர்ந்த நாடுகளில் அது 39 வீதம். வளர்ந்துவரும் நாடுகளில் 57 வீதம். அதே ஆண்டின் எடல்மன் கணிப்பில் சீனர்களில் 72 வீதத்தினரும் அமெரிக்கர்களில் 32 வீதத்தினரும் செயற்கை நுண்ணறிவை நம்புவதாகக் கூறினர். சாட்ஜிபிடி பிறந்த நாட்டிலேயே மூன்றில் இருவருக்கு அந்த வகைக் கருவிகளில் நம்பிக்கை பிறக்கவில்லை.

இந்த இடைவெளிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பண்பாடு. கீழைத்தேயத்தவர் கூட்டாக வாழ்பவர்கள், மூத்தோர் சொல்லுக்குக் கட்டுப்படுபவர்கள், அதனால் இயந்திரத்தின் சொல்லையும் இலகுவில் ஏற்பார்கள். மேலைத்தேயத்தவர் தனித்து நிற்பவர்கள், அதனால் ஐயுறுவார்கள் என்று விளக்கம் முடிந்துவிடும். இந்த விளக்கம் ஜப்பானில் இடறுகிறது. அதே மெல்பேர்ண் குழு 2023இல் 17 நாடுகளில் நடத்திய ஆய்வில் நம்பிக்கை மிகக் குறைந்த நாடுகள் பின்லாந்தும் ஜப்பானும். இந்தியா உச்சியில் இருந்தது. பின்லாந்துக்கும் ஜப்பானுக்கும் பண்பாட்டில் அதிக ஒற்றுமை இல்லை. இரண்டிலும் ஒரு குடிமகன் தன் தாய்மொழியில் வைத்தியரையும் அரச அலுவலரையும் சட்டத்தரணியையும் அணுகிப் பொறுப்பான பதிலைப் பெற முடியும். அத்தகைய நாட்டில் இயந்திரத்தைச் சந்தேகிப்பதால் எவருக்கும் நட்டமில்லை. அந்த வசதி இல்லாத இடத்தில் சந்தேகம் ஓர் ஆடம்பரம்.

கணிப்பாளர் கேட்கும் ஒரு கேள்விக்குள் வேறுபட்ட பல விடயங்கள் அடங்கிக் கிடக்கின்றன. உதவியாளர் சொல்லும் தகவல் சரி என்று கொள்வது ஒன்று. அதனிடம் குடும்ப இரகசியத்தைச் சொல்வது வேறு. அது சொன்னதை வைத்துக் காசையோ உடலையோ பணயம் வைப்பது முற்றிலும் வேறு. ஒரே ஆள் முதலாவதை மறுத்துக்கொண்டே இரண்டாவதைச் செய்யலாம். இதை நாட்டுச் சராசரிகளில் காண முடியாது. ஓர் ஊரளவுக்கு இறங்கினால்தான் தெரியும். இலங்கையின் கிழக்கே, மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்கள் அதற்கு ஏற்ற இடம்.

இந்த ஊர்களைப் புரிந்துகொள்ள ஜப்பானிய சமூக உளவியலாளர் தொஷியோ யமகிஷியின் ஒரு வேறுபடுத்தல் உதவும். 1994இல் அவரும் மிதொரி யமகிஷியும் வெளியிட்ட ஆய்வு, முன்பின் தெரியாதவரை நம்பும் மனப்பான்மை அமெரிக்கர்களிடம்தான் அதிகம், ஜப்பானியரிடம் குறைவு என்று காட்டியது. ஒட்டி வாழும் சமூகத்தில் நம்பிக்கை அதிகம் இருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு இது நேர்மாறு. யமகிஷி தந்த விளக்கம் இது: ஜப்பானியர் ஒருவரோடு ஒருவர் தயங்காமல் கொடுக்கல் வாங்கல் செய்வது மனிதர்களின் நல்லெண்ணத்தை நம்பி அன்று, ஏமாற்றினால் தப்ப முடியாத உறவுவலை தரும் உத்தரவாதத்தை நம்பி. அந்த வலைக்கு வெளியே வந்ததும் அவர்களுடைய எச்சரிக்கை கூடிவிடும்.

கல்முனைக் கரை அப்படிப்பட்ட உத்தரவாதத்தின் மீது நிற்கும் சமூகம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவே ஒடுங்கிய நிலத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். தாய்வழியாக வரும் குடி முறை இன்றும் நினைவிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறது. திருமணமான ஆண் மனைவியின் ஊர்வட்டாரத்துக்குக் குடிபெயர்கிறான். ஒரு தெருவில் தாயும் மகள்மாரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கிறார்கள். ஒருவர் சொன்ன சொல்லை எடைபோட அவர் யாருடைய மகன், எந்தக் குடி, எங்கே முடித்தவர் என்பது போதும். பொய் சொன்னவர் அடுத்த வெள்ளிக்கிழமை அதே பள்ளிவாசலுக்குத்தான் வர வேண்டும்.

உதவியாளர் இந்த வலைக்குள் யாருடைய மகனாகவும் வரவில்லை. கூகுளின் ஜெமினி செயலி 2024 ஜூனில் இலங்கையில் அறிமுகமானது; அதே மாதம் இந்தியாவுக்கென வந்த ஒன்பது மொழிகளில் தமிழும் இருந்தது. சில மாதங்களில் அதனோடு தமிழில் வாய்விட்டுப் பேசவும் முடிந்தது. மெட்டா நிறுவனம் அதே ஆண்டு தன் உதவியாளரை வட்ஸ்அப்புக்குள்ளேயே பல நாடுகளில் அமர்த்தத் தொடங்கியது. கத்தாரிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகளோடு குரல்பதிவில் பேசிப் பழகிய வீடுகளுக்குப் போனைப் பார்த்துப் பேசுவது புதிதன்று. எழுதப் படிக்கச் சிரமப்படும் ஓர் உம்மாவுக்கும் கேள்வி கேட்கும் வழி திறந்துவிட்டது.

அரச கடிதத்தை வாசித்துக்கொள்வது இங்கே உதவியாளருக்குக் கிடைத்த முக்கியமான வேலைகளில் ஒன்று. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் வரும் சுற்றறிக்கையும் கடிதமும் இந்தக் கரையில் எவருக்கும் புதினமில்லை. முன்பு அதை எடுத்துக்கொண்டு சிங்களம் தெரிந்த ஓர் ஆசிரியரிடமோ, கச்சேரியில் வேலை செய்த ஒருவரிடமோ போக வேண்டும். இப்போது கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினால் சில நொடிகளில் தமிழ் வந்துவிடுகிறது. அரசின் நலன்புரித் திட்டமான அஸ்வெசும கொடுப்பனவுக்கான மேன்முறையீடும், பிள்ளையின் புலமைப்பரிசில் தொடர்பான விண்ணப்பமும் அதே வழியில் எழுதப்படுகின்றன.

இந்த இடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. கடிதத்தில் இரண்டாம் பந்தி மங்கலாக இருக்கிறது. முத்திரை விழுந்து திகதியை மறைத்திருக்கிறது. உதவியாளர் தெளிவான வரியையும் மங்கலான வரியையும் ஒரே குரலில் தமிழாக்கித் தருவதுண்டு. தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்பியதும் அந்தக் குரலில் தெரியாது. ஒரு கடிதத்தில் உயிர்நாடியான பகுதி பெரும்பாலும் ஒரு சிறு எதிர்மறையிலோ, இன்ன திகதிக்குமுன் சமர்ப்பிக்காவிடின் என்ற நிபந்தனையிலோ இருக்கும். அது புரண்டால் கடிதமே புரண்டுவிடும். பழைய ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் அதே இடத்தில் கண்ணாடியைச் சரிசெய்வார், கடிதத்தை வெளிச்சத்தில் பிடிப்பார், “இந்த இடம் விளங்கல்ல, நாளைக்கு கந்தோர்ல கேட்டுச் சொல்றன்” என்பார். அந்தத் தயக்கம்தான் அவரிடமிருந்து கிடைக்கும் மிகப் பயனுள்ள தகவல். அவரும் தவறு விடுவார்; ஆனால் தவறு தெரிந்த பிறகு அவருடைய வாசலில் போய் நிற்கலாம்.

அந்த எழுதுவினைஞர்களைப் பொற்காலத்து மனிதர்களாக வர்ணிக்கவும் கூடாது. சிலர் காசு வாங்கினார்கள், சிலர் கடிதத்திலிருந்ததை ஊருக்குச் சொன்னார்கள், பெண்கள் தனியாகப் போய்க் கேட்கக் கூசினார்கள். இராப் பத்து மணிக்கு, சலிக்காமல், எவருக்கும் கடன்படாமல் பதில் தரும் ஒன்று கிடைத்ததும் மக்கள் அதைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. வளர்ந்துவரும் நாடுகளின் 57 வீதத்தில் இந்த வகை நம்பிக்கையும் கலந்திருக்கும். தமிழில் பதில் சொல்லாத கந்தோரின் இடத்தை உதவியாளர் எடுத்துக்கொண்டதை, இந்த மக்கள் தொழில்நுட்பத்தை இலகுவில் நம்பும் பண்பாட்டினர் என்று வாசிப்பது தவறு.

தமிழில் பதில் வருவதால் அது இந்த ஊருக்கான பதில் ஆகிவிடுவதில்லை. இணையத்திலுள்ள தமிழ் எழுத்தில் பெரும்பங்கு தமிழ்நாட்டுடையது. பிறப்புச் சான்றிதழின் பிரதியை எங்கே எடுப்பது என்று கல்முனையிலிருந்து பொதுவாகக் கேட்பவருக்கு வட்டாட்சியர் அலுவலகத்தைக் காட்டும் பதில் வரக்கூடும். இங்கே போக வேண்டியது பிரதேச செயலகத்துக்கு. இதைக் கேட்பவர் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார். சட்டம் பற்றிய கேள்வியில் அப்படிச் சிரிக்க முடியாது. இலங்கை முஸ்லிம்களின் திருமணமும் விவாகரத்தும் 1951ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் வருபவை; விவாகரத்து காதி நீதிமன்றங்களில் நடப்பது. இந்திய முத்தலாக் வழக்குகளையும் 2019இன் இந்தியச் சட்டத்தையும் கலந்து தரப்படும் பதிலில், எது கடல் கடந்து வந்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. அழகான தமிழ் அந்தப் பிழையைக் கூடுதலாக மறைக்கிறது.

சொத்துரிமையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. முஸ்லிம் ஒருவர் மரணசாசனமின்றி மௌத்தானால் சொத்து எப்படிப் பிரியும் என்பதை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவர் சார்ந்த மார்க்கப் பிரிவின் சட்டத்துக்கு விடுகிறது. உதவியாளரிடம் கேட்டால் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற கணக்கைப் பிசகின்றிச் சொல்லும். கிழக்குக் கரையில் நடப்பதோ வேறு. மகளுக்குக் கலியாணம் முடிக்கும்போதே வீடும் வளவும், வசதியிருந்தால் வயலும், அவள் பேருக்கு எழுதப்பட்டுவிடும். தகப்பன் மௌத்தாகும் நாளில் பங்கிட எஞ்சியிருப்பது சிறிது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் செய்த களஆய்வின் பயனாக 2008இல் வெளிவந்த பெருநூல், தமிழரும் முஸ்லிம்களும் இந்தத் தாய்வழி வழக்கத்தைப் பகிர்ந்துகொள்வதை விரிவாகப் பதிவுசெய்தது. உதவியாளரின் விடை ஏட்டுக்குச் சரி. அதை நம்பி ஒரு மகன், தங்கையின் சீதன வீட்டில் தனக்கு இரு பங்கு என்று கிளம்பினால் ஒரு குடும்பம் உடையும்.

மார்க்கக் கேள்விகளில் இந்தச் சமூகத்துக்குப் பழைய பயிற்சி ஒன்று இருக்கிறது. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியின் உள்ளடக்கத்தோடு அது வந்த சங்கிலியும் சோதிக்கப்படும்: யார் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, அவருடைய ஞாபகசக்தி எப்படி, நேர்மை எப்படி. இஸ்னாத் எனப்படும் அந்தச் சங்கிலியில் பெயர் தெரியாத ஒருவர் புகுந்தாலே செய்தியின் தரம் இறங்கிவிடும். அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்வதற்கென்றே ஒரு தனித்துறை வளர்ந்தது. பெரிய மொழி மாதிரியில் இந்தச் சங்கிலி கிடையாது. கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து கற்ற சொற்சேர்க்கைகளின் நிகழ்தகவுகளிலிருந்து அது வாக்கியத்தை ஆக்குகிறது; தேடலோடு இணைந்து வேலை செய்யும்போது மட்டுமே மூலத்தைக் காட்ட முடிகிறது. சங்கிலி கேட்டால் இல்லாத நூலின் பெயரையும் பக்க எண்ணையும் உண்டாக்கித் தந்ததும் உண்டு. 2023இல் நியூயோர்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் சட்டத்தரணிகள் சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்துத் தண்டம் கட்டினார்கள். ஹதீஸ் கலையின் கண்ணில் இது பெயரறியாத அறிவிப்பாளரைவிட மோசமான நிலை, இட்டுக்கட்டியவரின் நிலை.

பெருநாள் எப்போது என்ற கேள்வி இதைத் தெளிவாக்கும். சவூதி அறிவித்த திகதியையோ வானியல் கணக்கின் திகதியையோ உதவியாளர் தயக்கமின்றிச் சொல்லலாம். இலங்கையில் நோன்பு 29ஆம் நாள் மாலை கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறைக்குழு கூடி, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமயப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் கலந்துகொண்டு, பிறை கண்ட சாட்சியத்தை ஆராய்ந்து முடிவு சொல்கிறார்கள். அந்த மாலைக்கு முன் உறுதியான விடை உலகில் எங்கும் இல்லை. ஊரவர்கள் அந்த இரவில் நம்புவது வானொலி அறிவிப்பையும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியையும். சுபஹுத் தொழுகையில் குனூத் என்னும் பிரார்த்தனையை ஓதுவதும் அப்படித்தான். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபை, அதாவது அந்தச் சட்டப்பிரிவை, பின்பற்றுபவர்கள். அதில் அது சுன்னத். ஹனபி நூல்களில் கற்ற உதவியாளர் வேண்டாம் என்னலாம், சலபிச் சிந்தனைப் பக்கங்களில் கற்றது பித்அத், மார்க்கத்தில் புகுந்த புதுமை, என்னலாம். கிழக்கின் பள்ளிவாசல்களில் ஏற்கெனவே கைகலப்புவரை போன விவாதங்கள் இவை. கேட்பவரின் மத்ஹபைக் கேட்காமல் வரும் பதில் அவருக்கான பதிலே அன்று.

இயந்திரம் மார்க்கத்தில் நுழையவே கூடாது என்று முஸ்லிம் உலகம் முடிவெடுத்துவிடவில்லை. துபாயின் இஸ்லாமிய அலுவல்கள் திணைக்களம் 2019இலேயே செயற்கை நுண்ணறிவு வழியாகப் பத்வா வழங்கும் சேவையைத் தொடங்கியது. அங்கே பின்னணியில் ஓர் அரச நிறுவனம் நிற்கிறது. பதிலுக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார். கல்முனையில் ஒருவர் போனில் கேட்கும் பதிலுக்கு அப்படி எவரும் இல்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்ததால்தானோ என்னவோ, உதவியாளரிடம் கேட்டதை மௌலவியிடம் ஒருதரம் சரிபார்க்கும் வழக்கமும் இருக்கிறது. சூறத்துல் ஹுஜுறாத்தின் 6ஆம் வசனம், தீயவர் ஒருவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்கும்படி கட்டளையிடுகிறது. வட்ஸ்அப் வதந்திகளைக் கண்டிக்கும் குத்பாக்களில் அது எடுத்தாளப்படுவதுண்டு.

அந்த வதந்திகளுக்கு இம்மாவட்டத்தில் கசப்பான வரலாறு உண்டு. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் வாடிக்கையாளர் ஒருவர் கறியில் ஏதோ கட்டியைக் கண்டார். சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. கூட்டம் சூழ்ந்து கேட்டபோது, சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர், கேட்பது என்னவென்று விளங்காமல் ஆமென்பதுபோல் பதில் சொன்னார். அது காணொளியாகி முகநூலில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அதற்குள் மார்ச் தொடக்கத்தில் கண்டி மாவட்டம் திகனவில் வன்முறை வெடித்து, நாட்டில் அவசரகாலநிலை பிரகடனமாகி, முகநூலும் வட்ஸ்அப்பும் ஒரு வாரத்துக்கு மேல் முடக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகளைப் பற்றிச் சிங்களத்தில் செய்யப்பட்ட முறைப்பாடுகளைப் படித்து விளங்கப் போதிய ஆள்கள் முகநூலிடம் இருக்கவில்லை. 2020 மே மாதம், தன் தளம் அந்த வன்முறையில் வகித்த பங்குக்காக நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இன்று மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே நிறுவனம்தான் வட்ஸ்அப்புக்குள் உதவியாளரை வைத்திருக்கிறது. கருவியின் துல்லியம் பற்றிய கேள்விக்கு முன்பே, அதைத் தந்தவர் இங்கே என்ன செய்தார் என்ற கேள்வி இந்தக் கரையில் நிற்கிறது. கணிப்புகளில் இதற்கு இடமில்லை. அவை செயற்கை நுண்ணறிவு என்ற பொதுப் பெயரைச் சொல்லிக் கேட்கின்றன. கல்முனையில் ஒருவர் அந்த நிறுவனத்தைச் சந்தேகித்துக்கொண்டே அதன் உதவியாளரிடம் கடிதம் எழுதி வாங்கலாம். இரண்டும் ஒரே தலையில் இருப்பதில் முரண்பாடு இல்லை. வேறு வழியில்லாதவர்கள் எல்லாரும் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

இரகசியத்தின் விடயத்தில் கணக்கு தலைகீழாகிறது. உறவுவலை இறுக்கமான ஊரில் ஒரு பெண் தன் மார்பில் தென்பட்ட கட்டியைப் பற்றியோ, கணவனின் நடத்தையைப் பற்றியோ, நுண்கடன் கம்பனிக்குக் கட்ட முடியாத தவணையைப் பற்றியோ யாரிடம் வாய் திறந்தாலும் அது மாலைக்குள் மச்சிமாருக்கு எட்டிவிடும். வெளியாரே இல்லாத ஊரில் வெளியாருக்குத் தனி மதிப்பு உண்டு. அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் 1966இல் உருவாக்கிய எலைசா என்ற நிரல், பயனர் தட்டச்சிட்டதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய ஒன்று. அது எப்படி வேலை செய்கிறது என்று அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு பேசத் தொடங்கியதும் அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். வைசன்பாம் திடுக்கிட்டார். தீர்ப்புச் சொல்லாத காது கிடைத்தால் மனிதர் பேசிவிடுகிறார்கள். கல்முனையின் சமையலறையிலும் அது வேறாக இராது.

அந்தக் காது ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் சேமிப்பகத்தோடு இணைந்தது என்பது பேசும் வேளையில் நினைவுக்கு வராது. பல வீடுகளில் ஒரே போனைத் தாயும் மகனும் மாறி மாறிப் பாவிக்கிறார்கள். பழைய உரையாடல்கள் பட்டியலாக அப்படியே கிடக்கும். ஊருக்குத் தெரியக்கூடாது என்று இயந்திரத்திடம் சொன்னதை வீட்டிலேயே ஒருவர் வாசித்துவிடும் ஆபத்து, தொலைதூரக் கம்பனியால் வரும் ஆபத்தைவிடக் கிட்டியது. இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல், 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பின்போடப்பட்டன.

பேச்சு வழியாகக் கேட்பவருக்கு இன்னொரு இடர் உண்டு. அமேசன், அப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசொவ்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சுணரிகளைச் சோதித்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, வெள்ளை அமெரிக்கரின் பேச்சில் 19 வீதமாக இருந்த சொற்பிழை கறுப்பின அமெரிக்கரின் பேச்சில் 35 வீதமாக உயர்ந்ததைக் காட்டியது. ஆங்கிலத்துக்கே இந்த நிலை. மட்டக்களப்புத் தமிழின் ஓசையும் அறபுச் சொற்களும் கலந்த கிழக்கு முஸ்லிம்களின் பேச்சு, சென்னைத் தொலைக்காட்சித் தமிழிலிருந்து வெகுதூரம். இயந்திரம் கேட்டதைத் தவறாக எழுதிக்கொண்டு, தவறான கேள்விக்குச் சரியான பதிலைத் தரும்போது, வாசிக்காமல் காதால் மட்டும் கேட்பவருக்குப் பிழை எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. சிலர் போனோடு பேசும்போது தங்கள் பேச்சை விட்டுச் செய்தி வாசிப்பவர்போல் பேசப் பழகிவிட்டார்கள். அது வேடிக்கைபோலத் தோன்றினாலும், நம்பிக்கையின் விலையில் ஒரு பகுதிதான்.

வயலில் நிலைமை எளிது. அங்கே யாரும் அதிகம் ஏமாறுவதில்லை. சேனநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர் எப்போது திறக்கப்படும், விதைப்புக்குக் கடைசித் திகதி எது என்பதெல்லாம் போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகி, வயல் பொறுப்பாளரான வட்டவிதானை வழியாக வட்டைக்கு வரும். உதவியாளர் சொல்லும் பொது விவசாய ஆலோசனை நெல்லின் நோயை அடையாளம் காண உதவும். தண்ணீர் முறைக்கு உதவாது. மாரியில் வீதி பற்றிய கேள்வியோ உயிர்க் கேள்வி. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில் வெள்ளம் வீதியை மூடும். 2024 நவம்பர் 26ஆம் திகதி அங்கே மதரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு அவர்களில் பலர் உயிரிழந்தனர். ஒரு வீதி இந்த மணியில் கடக்கக்கூடியதா என்பதைப் பாலத்தடியில் நிற்பவர்தான் சொல்ல முடியும். வரைபடமும் உதவியாளரும் வழக்கமான பயண நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கேட்பவருக்கு இணங்கிப் போகும் பழக்கம் உதவியாளர்களின் அறியப்பட்ட குறை. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ தன் மாதிரி ஒன்றின் புதுப்பிப்பை, அது அளவுக்கு மீறி முகத்துதி செய்கிறது என்று ஒப்புக்கொண்டு திரும்பப் பெற்றது. இனங்கள் அருகருகே வாழும் நகரில் இது சிறு விடயமன்று. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் கோரிக்கை 2019 ஜூனில் உண்ணாவிரதம்வரை போனது. தமிழரும் முஸ்லிம்களும் அதில் எதிரெதிர் நிலையில் இருக்கிறார்கள். ஒரே தெருவின் இரு முனைகளில் இருவர் தத்தம் சாய்வோடு கேள்வியை அமைத்துக் கேட்டால், இருவருக்கும் தத்தம் நியாயம் மெருகேறித் திரும்பி வரலாம். கடைத்தெருவில் பேசினால் மறுதரப்பார் ஒருவராவது குறுக்கிடுவார். போனுக்குள் குறுக்கிட எவரும் இல்லை.

இந்த இடர்கள் பலவற்றின் அடியில், பதிலுக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி கிடக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024 பெப்ரவரியில் ஒரு தீர்ப்பு வந்தது. எயார் கனடாவின் இணைய உதவியாளர் மரணவீட்டுப் பயணத்துக்கான கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தவறான தகவல் கொடுத்திருந்தது. அந்த உதவியாளர் தனிச் சட்ட ஆள், அதன் சொல்லுக்கு அதுவே பொறுப்பு என்றவாறு நிறுவனம் வாதாடியது. தீர்ப்பாயம் அதை ஏற்காமல் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. தன் உதவியாளரின் சொல் தன் சொல்லே என்று ஒரு வங்கியோ திணைக்களமோ தமிழில் எழுதிக் கொடுக்குமானால், கல்முனைக் கரைக்குப் பழக்கமான உத்தரவாதம் இயந்திரத்துக்கும் முதல்முறையாகக் கிடைக்கும். முறைப்பாட்டைத் தமிழில் ஏற்கும் அலுவலரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அதே திரையில் இருக்க வேண்டும்.

மற்றப் பகுதியை உள்ளூரில் செய்யலாம். 1995இல் தொடங்கப்பட்ட ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகள், அறபு மொழிப் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இந்தக் கரையின் கேள்விகளைத் தொகுத்து, பிரபலமான உதவியாளர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் தமிழில் கேட்டு, எது எதில் பிழைக்கிறது என்று பகிரங்கமாக வெளியிடுவது அங்கே முடியாத வேலை அன்று. சட்டத்தில் பிழைத்தவை, மத்ஹபைக் கேளாமல் பதில் சொன்னவை, தமிழ்நாட்டுக் கந்தோரைக் காட்டியவை, மங்கலான எழுத்தை ஊகித்துவிட்டு மௌனமாக இருந்தவை என்று அது பிரிந்து வரும். அதற்குப் பெரிய கணினிகள் தேவையில்லை. ஓய்வுபெற்ற ஓர் எழுதுவினைஞர், ஒரு மௌலவி, ஒரு காதி, ஒரு வட்டவிதானை, ஒரு குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோரை ஒரு மேசையில் இருத்தி, மக்கள் அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எழுதிக்கொள்வதிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.